தில்லி: திருட்டு கூடியதா, கணக்கு கூடியதா?

2012-க்கும் 2015-க்கும் இடையே தலைநகரில் வழிப்பறி 12 மடங்கு பெருகியதாகச் சொல்கிறது போலீஸ் பதிவேடு. அது திருடர்களைப் பற்றிச் சொல்வதைவிட ஸ்டேஷன் எழுத்தரின் பேனாவைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

தில்லி போலீஸ் பாதுகாத்து வைத்திருக்கும் மிகப் பழைய முதல் தகவல் அறிக்கையின் தேதி அக்டோபர் 18, 1861. எழுதப்பட்ட இடம் சப்ஜி மண்டி காவல் நிலையம். மொழி உருது. கட்ரா ஷீஷ் மஹலில் குடியிருந்த ஒருவர் சமையல் பாத்திரங்கள், ஒரு ஹூக்கா, பெண்களின் துணிமணிகள், குல்ஃபிகூட, களவு போனதாகப் புகார் கொடுத்தார். மொத்த மதிப்பு 45 அணா. அதாவது 2 ரூபாய் 13 அணா. கலகம் அடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நகரத்தில், வெள்ளைக்காரனின் புதிய போலீஸ் அந்த 45 அணாவை மதித்து எழுதிக்கொண்டது. 150 ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் 20,000 ரூபாய் செல்போனைப் பறிகொடுத்தவர் ஸ்டேஷன் வாசலில் மணிக்கணக்காக நின்று, கடைசியில் 'காணாமல் போனது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார். நாட்டின் தலைநகரில் சொத்துக் குற்றங்களின் நீண்ட கால வரைபடத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2012 வரையிலான கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு அதிசயம் புலப்படும். 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி தில்லியில் 94 லட்சம் பேர். 2011-ல் 1 கோடியே 68 லட்சம். இந்த இருபதாண்டுகளில் வீதிக்கு வீதி கார்கள் நின்றன, ஒவ்வொரு சட்டைப் பையிலும் செல்போன் ஏறியது, மால்கள் முளைத்தன, மெட்ரோ ஓடத் தொடங்கியது. திருடுவதற்கான பொருளும் கூடியது, திருடிவிட்டு மறைவதற்கான கூட்டமும் கூடியது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான மொத்த வழக்குகள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. 1990-களின் கடைசியில் 60,000-ஐ ஒட்டி இருந்தவை பிறகு 50,000-க்கு இறங்கி, 2012-ல் 54,287-ல் நின்றன. நகரம் பெருகப் பெருகக் குற்றம் குறைந்த ராம ராஜ்யம்!

அந்த ஆண்டு முழு நகரத்திலும் பதிவான வழிப்பறிகள் 608. நாள் ஒன்றுக்கு இரண்டுகூட இல்லை. செயின், செல்போன் பறிப்புகள் 1,440. வீடு புகுந்து திருடிய வழக்குகள் 1,715. கரோல் பாகிலோ ஜனக்புரியிலோ மயூர் விஹாரிலோ நாலைந்து வருடம் குடியிருந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்த எண்களைக் கேட்டால் சிரித்துவிடும். மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டு, திரும்பி வந்து பூட்டு தொங்குவதைப் பார்த்த அனுபவம் இந்தச் சமூகத்தில் அத்தனை அபூர்வமல்ல.

பிறகு அணை உடைந்தது. மொத்த வழக்குகள் 2013-ல் 80,184. 2014-ல் 1,55,654. 2015-ல் 1,91,377. மூன்றே ஆண்டுகளில் வழிப்பறி 608-லிருந்து 7,407 ஆனது. பறிப்பு 1,440-லிருந்து 9,896. வீடு புகுந்து திருடுவது 1,715-லிருந்து 12,913. தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம். 'குற்றத் தலைநகர்' என்ற பட்டம் நிரந்தரமாயிற்று.

உண்மையிலேயே கொள்ளையர் படை ஒன்று நகருக்குள் புகுந்துவிட்டதா? இதைச் சோதிக்க அதே பதிவேட்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன. முதலாவது, கொலை. பிணத்தைக் கணக்கிலிருந்து மறைப்பது கடினம். உறவினர் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது. 2012-ல் தில்லியில் 521 கொலைகள், 2015-ல் 570. பத்து சதவீதம்கூட ஏறவில்லை. வழிப்பறி நிஜமாகவே 12 மடங்கு பெருகியிருந்தால், கத்திக்குத்தும் கூடவே பெருகாமல் இருந்திருக்குமா?

இரண்டாவது எண் இன்னும் சுவாரஸ்யமானது. வாகனத் திருட்டு 2012-ல் 14,391, 2015-ல் 32,729. ஏற்றம் இரண்டேகால் மடங்குதான். மற்ற திருட்டுகள் ஏழு மடங்கு, பன்னிரண்டு மடங்கு பாயும்போது இது மட்டும் ஏன் நிதானித்தது? காரணம் இன்ஷூரன்ஸ். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் காருக்குப் பணம் தராது. ஆகவே கார் சொந்தக்காரர் விடமாட்டார். வக்கீலைக் கூட்டி வருவார், தெரிந்த அதிகாரியைப் பிடிப்பார். போலீசும் பழைய நாட்களிலேயே கார் திருட்டை ஓரளவு எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. 2012-ல் பதிவான எல்லாக் குற்றங்களிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் வாகனத் திருட்டாக இருந்ததன் ரகசியம் இதுதான். யாரும் கேட்க வராத திருட்டுகள்தான் எழுதப்படாமலே போயின.

எழுதாமல் விடுவது ஒரு தனிக் கலை. போலீஸ் வட்டாரத்தில் இதற்கு 'பர்க்கிங்' என்று பெயர். 1820-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், காயம் தெரியாமல் மூச்சை அடைத்து ஆட்களைக் கொன்று உடலை மருத்துவர்களுக்கு விற்ற வில்லியம் பர்க் என்பவனின் பெயரிலிருந்து வந்த சொல். புகாரையும் அப்படித்தான், காயம் தெரியாமல் கொல்ல வேண்டும். அதற்கு வழிகள் பல. 'எங்கே விட்டீர்கள், நன்றாக யோசித்துப் பாருங்கள்' என்று தொடங்கினால் திருட்டு, காணாமல் போனதாகிவிடும். பைக்கில் வந்தவன் கழுத்திலிருந்து செயினை இழுத்தான் என்றால், இழுத்ததை விட்டுவிட்டால் சாதாரணத் திருட்டு. கத்தியைக் காட்டினான் என்றால், கத்தியை விட்டுவிட்டால் பறிப்பு. கொள்ளை என்று எழுதச் சட்டப்படி ஐந்து பேர் வேண்டும். புகார் கொடுத்தவர் நடுக்கத்தில் எண்ணியது ஐந்தா நான்கா என்று சந்தேகம் கிளப்பினால் அது வழிப்பறியாக இறங்கிவிடும். எதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது எல்லைத் தகராறு: சம்பவம் நடந்தது சாலையின் அந்தப் பக்கம், அது வேறு தானா.

எழுத்தர் கெட்டவர் என்பதல்ல விஷயம். ஸ்டேஷன் அதிகாரியை மேலதிகாரி அளப்பது மாதாந்திர எண்களை வைத்து. மேலதிகாரியைக் கமிஷனர் அளப்பதும் அப்படியே. கமிஷனரை உள்துறை அமைச்சகம் அளக்கிறது, அமைச்சரை நாடாளுமன்றம் கேள்வி கேட்கிறது. 'சென்ற ஆண்டைவிட 4 சதவீதம் குறைவு' என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நிருபர்களிடம் சொல்ல வேண்டியிருந்தால், அந்த 4 சதவீதம் எங்காவது ஒரு ஸ்டேஷன் மேஜையில்தான் குறைக்கப்பட வேண்டும். 1977-ல் அமைக்கப்பட்ட தேசிய போலீஸ் கமிஷன் இந்த நோயைப் பற்றி எழுதியே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. புள்ளிவிவரத்தை வைத்துப் போலீஸை எடை போடாதீர்கள் என்றது. கேட்பாரில்லை.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு 2012 டிசம்பர் 16 இரவு ஒரு பதில் வைத்திருக்கிறது. முனிர்க்காவில் ஒரு இளம் பெண்ணும் அவள் நண்பரும் ஏறிய அந்தப் பஸ்ஸை நாடு மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு முன் அதே பஸ்ஸில் ஏறிய இன்னொருவரைப் பலர் மறந்துவிட்டார்கள். அவர் ஒரு தச்சுத் தொழிலாளி. பஸ்ஸில் இருந்தவர்கள் அவரை அடித்து, கையில் இருந்த பணத்தையும் செல்போனையும் பறித்துக்கொண்டு ஐ.ஐ.டி. மேம்பாலத்தருகே தள்ளிவிட்டார்கள். அங்கே தென்பட்ட போலீஸ்காரர்களிடம் முறையிட்டபோது, இது எங்கள் எல்லையில் வராது, வசந்த் விஹார் ஸ்டேஷனுக்குப் போ என்று சொல்லிவிட்டதாக அவர் பின்னர் கூறியது பத்திரிகைகளில் வந்தது. பஸ் முனிர்க்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிறிய வழிப்பறிக்காக நால்வருக்குத் தில்லி நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை விதித்தது 2015-ல். அதற்குள் அந்த இரவின் மற்றக் குற்றத்துக்கு அவர்கள் தூக்குத் தண்டனை பெற்றுவிட்டிருந்தார்கள்.

எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரை எழுதிக்கொள்ளும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறை அந்த நிகழ்ச்சிக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை அடுத்துத்தான் பரவலாயிற்று. 2013 நவம்பர் 12-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. தில்லியை ஒட்டிய காஸியாபாத்தில் காணாமல் போன ஒரு சிறுமியின் தந்தை, புகாரை எழுத ஆளில்லாமல் அலைந்து தொடுத்த வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி, ஈரோடு மாவட்டத்துக்காரரான பி. சதாசிவம். கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும், போலீசுக்கு வேறு வழி கிடையாது, மறுக்கும் அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும் என்றது தீர்ப்பு.

அந்த ஆண்டு ஜூலை கடைசியில் கமிஷனராகப் பொறுப்பேற்ற பீம் சைன் பஸ்ஸி, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று உத்தரவிட்டார். எண் ஏறினால் ஸ்டேஷன் அதிகாரியைத் தண்டிப்பதில்லை, எழுத மறுத்தால்தான் தண்டனை என்று கணக்கைத் தலைகீழாக்கினார். பஸ்ஸியின் மற்ற முடிவுகளைப் பற்றி, குறிப்பாக 2016-ல் ஜே.என்.யூ. விவகாரத்தைப் பற்றி, கடும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் இந்த ஒன்றுக்காக அவருக்குப் பாராட்டு உரியது. தன் பதவிக் காலத்தில் குற்றம் மும்மடங்கானதாக வரலாற்றில் எழுதப்படும் என்று தெரிந்தே ஒரு போலீஸ் தலைவர் அதைச் செய்வது சாதாரணமல்ல.

அடுத்த அடி கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. 2015-ல் வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியும் வசதி வந்தது. எழுத்தரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். செல்போனில் விவரங்களை நிரப்பினால் நகல் வந்துவிடும். நாளடைவில் சாதாரணத் திருட்டுகளுக்கும், 2022-ல் வீடு புகுந்த திருட்டுகளுக்கும் இது விரிந்தது. தில்லியின் வாகனத் திருட்டு 2016-ல் 38,644 ஆகி, 2019-ல் 46,000-ஐத் தாண்டியது. மொத்த வழக்குகள் அந்த ஆண்டு ஏறத்தாழ 3 லட்சம். அவற்றில் பெரும்பங்கு திருட்டு.

பதிவது சுலபமாகிவிட்டது. கண்டுபிடிப்பதில் அந்த வேகம் இல்லை. வாகனத்தைப் பறிகொடுத்தவருக்கு 21 நாட்களில் இன்னொரு மின்னஞ்சல் வரும்: துப்புத் துலங்கவில்லை. அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு அவர் அடுத்த வண்டி பார்க்கப் போய்விடுவார். முன்பு எழுதாமல் விட்ட திருட்டுகள் இப்போது எழுதி முடித்து வைக்கப்படுகின்றன என்று சொல்பவர்களை ஒரேயடியாக மறுத்துவிட முடியாது. ஆனால் எழுதிய திருட்டுக்கு ஒரு தேதியும் இடமும் எண்ணும் உண்டு. எந்தச் சந்தில், எந்த நேரத்தில், எந்த மாடல் வண்டி போகிறது என்று தேட முடியும். எழுதாத திருட்டை எந்தக் கம்ப்யூட்டரும் தேடிக் கொடுக்காது.

அப்படியானால் குற்றத்தில் உண்மையான மாற்றமே இல்லையா? உண்டு. எண்ணிக்கையைவிட அது திருட்டின் ரகத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. அகில இந்தியக் கணக்கு 1953-லிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. அந்த ஆண்டு நாடெங்கும் வீடு புகுந்து திருடிய வழக்குகள் சுமார் 1.47 லட்சம். 2011-ல் அது 92,500 சொச்சம். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. பதிவுக் குறைபாட்டைத் தள்ளிப் பார்த்தாலும் இது பெரிய சரிவு. மண் சுவரில் கன்னம் வைத்து நுழைந்த காலம் போய், செங்கல், கான்கிரீட், கிரில் கேட் வந்துவிட்டது. பித்தளைப் பாத்திரத்தையும் நெல் மூட்டையையும் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை. மதிப்புள்ள பொருள் வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் நிற்கிறது, கழுத்தில் தொங்குகிறது, பையில் மணியடிக்கிறது. திருடனும் வெளியே வந்துவிட்டான்.

தில்லியில் இந்த மாற்றத்துக்குத் தேதியே குறிக்கலாம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். வெகு சீக்கிரம் மாருதி, திருடர்களுக்கும் பிடித்த கார் ஆயிற்று. உதிரி பாகம் எங்கும் விற்கும், சாவி எதிலும் சேரும். 2018 வாக்கில் தலைநகரில் பதிவான வாகனங்கள் 1 கோடியைத் தாண்டின. அவற்றில் கணிசமானவை இரவில் தெருவோரம்தான் தூங்குகின்றன. திருடுபோன வண்டிகள் பல, 70 கிலோமீட்டர் தொலைவில் மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையில் சில மணி நேரத்தில் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டன. அந்தச் சந்தையைப் போலீஸ் மூடியது 2021 டிசம்பரில். பிரதமர் பொதுக்கூட்டத்திலேயே அதைக் குறிப்பிடும் அளவுக்கு அதன் புகழ் இருந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்த கடைவீதி அத்தனை ஆண்டுகள் திறந்திருந்தது எப்படி என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

தங்கம் இன்னொரு காரணம். 1990-களில் 10 கிராம் 4,000, 5,000 ரூபாய்க்கு விற்றது 2025-ல் 1 லட்சத்தைத் தாண்டியது. காலை நடைக்கும் பால் பூத்துக்கும் போகும் பெண்களின் கழுத்துதான் குறி. தாலிக்கொடியைக் கழற்றி வைக்கும் வழக்கமில்லாத நம் வீட்டுப் பெண்களுக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம்.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் சங்கடமான ஒரு பங்கும் உண்டு. சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடியைத் தட்டி, எண்ணெய் ஒழுகுகிறது என்றோ ரூபாய் நோட்டு கீழே கிடக்கிறது என்றோ கவனத்தைத் திருப்பி, பின் சீட்டிலுள்ள பையை எடுத்துக்கொண்டு மறையும் கும்பலுக்கு தில்லி போலீஸ் வைத்த பெயர் 'தக் தக்'. இத்தகைய வழக்குகளில் தில்லி போலீஸ் குழுக்கள் திருச்சி ராம்ஜி நகர் வரை பலமுறை வந்திருக்கின்றன. பிடிபட்டவர்கள் குற்றவாளிகளாக இருக்கலாம். ஆனால் ஒரு ஊரின் பெயரையே கும்பலின் பெயராக்கிச் செய்திக்குறிப்பு வெளியிடும் பழக்கம், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று சமூகங்களை முத்திரை குத்திய 1871-ம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மிச்சம். சட்டம் 1952-ல் ரத்தானது. எண்பத்தோராவது ஆண்டில் சட்டம் செத்தாலும் அது கற்றுக்கொடுத்த வாசகம் சாகவில்லை.

2015-க்குப் பிறகு வரைபடம் வேறொரு புதிர் போடுகிறது. வழிப்பறி 7,407-லிருந்து 2016-ல் 4,761-க்கு இறங்கி, 2019-ல் 1,956 ஆனது. பறிப்பு 6,266-க்கு வந்தது. கண்காணிப்புக் காமிராக்களும் ரோந்தும் கைதுகளும் காரணம் என்கிறது போலீஸ். ஓரளவு இருக்கலாம். பழைய பேனா மெல்லத் திரும்பி வந்துவிட்டதோ என்ற சந்தேகமும் நியாயமானதே. வழிப்பறிக்கும் பறிப்புக்கும் திருட்டுக்கும் நடுவேயுள்ள கோடு புகாரின் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதுபவர் புகார்தாரர் அல்ல. 2020-ல் ஊரடங்கால் வாகனத் திருட்டு 46,000-லிருந்து 35,000-க்கு விழுந்தது. ஆனால் தெருவே வெறிச்சோடிக் கிடந்த அதே ஆண்டில் பறிப்பு 7,965-ஆக ஏறியது. வேலை போனவர்களின் நகரத்தில் அது எதைச் சொல்கிறது என்று விரிவாக யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

போலீஸ் பதிவேட்டுக்கு வெளியே இதை அளக்க ஒரே வழி, வீடு வீடாகப் போய் உங்களுக்கு என்ன களவு போயிற்று என்று கேட்பது. மேலை நாடுகளில் அரசாங்கமே ஆண்டுதோறும் செய்யும் காரியம் இது. இங்கே தனியார் அமைப்புகள் எப்போதாவது செய்கின்றன. ஐ.டி.எஃப்.சி. ஆய்வு நிறுவனம் தில்லி, மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 20,000-க்கு மேற்பட்ட குடும்பங்களிடம் கேட்டு 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் எஃப்.ஐ.ஆர். வரை போகவே இல்லை. தில்லியின் 'பெருத்துப்போன' எண்களே உண்மையில் பாதிக்கும் குறைவு என்றுதான் அதற்குப் பொருள்.

இந்த உண்மை அரசியலுக்கு ஒத்துவராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வெளியாகும்போதெல்லாம் தில்லி முதலிடம் என்று தலைப்பு வரும். காப்பகமே, எண் ஏறியதால் குற்றம் ஏறியது என்று கொள்ளாதீர்கள், பதிவு சுலபமானதாலும் ஏறலாம் என்று எச்சரித்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? தில்லியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஜனத்தொகை கொண்ட உத்தரப் பிரதேசத்தில் பதிவாகும் திருட்டு வழக்குகள் தில்லியைவிடக் குறைவு. லக்னோவில் பர்ஸைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கலாம் என்று யாராவது நம்புவார்களா? கேரளமும் பல ஆண்டுகளாக இப்படியே, ஒழுங்காக எழுதிய பாவத்துக்குப் பட்டியலின் உச்சியில் நின்று கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. தில்லியில் போலீஸ் மத்திய அரசின் கையில் இருப்பதால், மாநில அரசை வேறு கட்சி ஆண்ட காலங்களில் இந்த எண்கள் நல்ல ஆயுதமாகப் பயன்பட்டன. ஏன் குறைவாக எழுதினீர்கள் என்று எந்தக் கட்சியும் கேட்டதில்லை.

இப்போது திருட்டு மறுபடி இடம் பெயர்ந்துவிட்டது. செல்போனைத் திருடுவதைவிட அதன் வழியாகத் திருடுவது லாபம். இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2024-ல் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கூறியது. முந்தைய ஆண்டு 7,465 கோடி. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பைத் துடைத்தெடுக்கும் கும்பல்களின் முன் பழைய பைக் திருடன் பரிதாபமாகத் தெரிகிறான். தில்லி போலீஸ் 2021 கடைசியில் மாவட்டத்துக்கு ஒரு சைபர் ஸ்டேஷன் என்று 15 ஸ்டேஷன்களைத் திறந்தது. ஆனால் 1930 என்ற எண்ணுக்கு வரும் புகார்கள் ஒரு கணக்கு, அவற்றில் எஃப்.ஐ.ஆர். ஆகுபவை வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே மிகப் பெரிய பள்ளம். 2025 மே மாதம் தில்லியில் சோதனை முயற்சியாக, இணையப் புகார் தானாகவே ஜீரோ எஃப்.ஐ.ஆர். ஆகும் ஏற்பாடு வந்தது. தொடங்கியபோது அதற்கு வைத்த வரம்பு 10 லட்சம் ரூபாய். அதற்குக் கீழே இழந்தவர்கள் அப்போது வழக்கம்போல் நடக்க வேண்டியிருந்தது.

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. புதிய சட்டத்தின் முதல் வழக்கு, நள்ளிரவு 12 மணி 10 நிமிடத்துக்கு குவாலியரில் பதிவான மோட்டார் சைக்கிள் திருட்டு என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். பறிப்பு இப்போது தனிக் குற்றம், பிரிவு 304. இணையத்தில் புகார் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் போதும் என்பதும், எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே ஏறியிருக்கின்றன. இவை நல்லவை. ஆனால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்துவிட்டுப் பிறகு பதியலாம் என்றும் ஒரு வாசல் திறக்கப்பட்டுள்ளது. அதற்குள் திருட்டும் அடக்கம். லலிதா குமாரி தீர்ப்பு மூடிய கதவில் இது சின்ன ஜன்னல்.

பெரிய ஜன்னல் இன்னொன்று. 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாகிவிட்டது. முதல் தடவை மாட்டியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சிறை இல்லை, சமூக சேவைதான். பசிக்குத் திருடிய சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமலிருப்பது நல்ல யோசனை, அதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் பொருளின் மதிப்பை ஸ்டேஷன் மேஜையில் யார் நிர்ணயிப்பது? பழைய போனுக்கு என்ன விலை போடுவது? 4,900-க்கும் 5,100-க்கும் நடுவே மறுபடியும் அதே எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கட்டுப்பாட்டின் விளைவு வரும் ஆண்டுகளின் அறிக்கைகளில் ஒரு சரிவாகத் தெரியக்கூடும். திருட்டு குறைந்தது என்று பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்லப்படவும் கூடும். தில்லியில் கூலி வேலைக்கு வருபவர் வைத்திருக்கும் செல்போன் பெரும்பாலும் கை மாறி வந்த பழையது, இன்றைய சந்தை விலை மூன்று, நான்காயிரம் ரூபாய். மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான், கூலி வந்து விழுவதும் அதில்தான். பஸ் நிறுத்தத்தில் அது களவு போனால் அவர் ஸ்டேஷனுக்குப் போகலாம். அங்கே கிடைப்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, வேறொரு பதிவேட்டில் எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டு.